நம் பிள்ளையின் தோல் சிவந்து காட்டாது! தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பலர் வீட்டில் பேசப்படாத ஒன்று. ஒரு குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உறவினர்கள் தொலைபேசியில் என்ன கேட்பார்கள்? மூச்சு சீராக இருக்கிறதா, காய்ச்சல் இறங்கியதா, கண் திறந்து பார்த்ததா என்று கேட்பார்கள். "பிள்ளையின் தோல் எப்படி இருக்கிறது?" என்று யாரும் கேட்பதில்லை. உயிரே ஊசலாடும்போது தோலைப் பற்றி யார் கவலைப்படுவார்கள் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் உயிர் பிழைத்து வார்டுக்கு வந்த பிறகு, தலையின் பின்பக்கம் முடி முளைக்காத ஒரு வடு, கையில் ஆறாத ஒரு புண் என்று பல மாதம் அவதிப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள். அதைவிட முக்கியம், உள்ளே நடக்கும் ஆபத்தைச் சில வேளைகளில் தோல்தான் முதலில் காட்டுகிறது.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களும் தாதியரும் விளக்குவதைக் கேட்டு, படித்துப் புரிந்துகொண்டு, நேயர்களுக்கு எளிமையாகச் சொல்வது என் வேலை. அப்படிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றில் நம் இந்தியச் சமுதாயத்துக்கு மிகவும் தேவையான ஒன்றை இங்கே முன்வைக்கிறேன்.

தோலும் ஓர் உறுப்புதான்

இதயம், நுரையீரல், சிறுநீரகம் போலத் தோலும் ஓர் உறுப்பு. உடலின் மிகப் பெரிய உறுப்பும் அதுவே. கிருமியை வெளியே நிறுத்துவது, உடலின் நீரையும் சூட்டையும் உள்ளே காப்பது அதன் வேலை.

குழந்தைக்கு நோய் முற்றி இரத்த அழுத்தம் குறையும்போது, உடல் ஒரு கணக்குப் போடுகிறது. இருக்கும் இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட்டு, தோலுக்குப் போகும் பங்கைக் குறைத்துவிடுகிறது. அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தக் கொடுக்கும் சில மருந்துகளும் தோலின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. இதோடு உடல் வீங்குகிறது. வீங்கிய தோல் மெல்லியதாகி எளிதில் கிழிகிறது. மயக்க மருந்தில் இருக்கும் குழந்தை தானாகப் புரண்டு படுக்காது. வலித்தாலும் அழாது. நாம் உட்கார்ந்த இடத்திலேயே வெகுநேரம் இருந்தால் கால் மரத்துப் போய் அசைகிறோம் அல்லவா? அந்த அசைவு அக்குழந்தைக்கு இல்லை.

அமெரிக்காவில் மூன்று குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தப்பட்டு 2003-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், 322 குழந்தைகளில் 86 பேருக்கு அழுத்தப் புண் வந்தது. அதாவது நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகம். படுக்கைப் புண் என்பது படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

எந்த இடத்தில் வரும்?

பெரியவர்களுக்கு இடுப்பின் பின்பக்கத்திலும் குதிகாலிலும் அதிகம் வரும். கைக்குழந்தைகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் தலையின் பின்பக்கத்தில்தான் அதிக ஆபத்து. காரணம் எளிது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தலை. அந்தப் பாரம் முழுவதும் ஒரே இடத்தில் அழுத்துகிறது. முடி மறைப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. காதுமடலும் அப்படித்தான், ஒருக்களித்துப் படுக்கும்போது மடங்கி நசுங்கும்.

அடுத்தது, உயிரைக் காக்கும் கருவிகளே தோலை அழுத்தும் இடங்கள். மூச்சுக்கு வைக்கும் மாஸ்க் மூக்குத் தண்டை அழுத்தும். மூக்கு வழியாகப் போகும் பால் குழாய் மூக்குத் துவாரத்தின் ஓரத்தை அரிக்கும். விரலில் சிவப்பு விளக்கு எரியும் கிளிப் ஒன்றை மாட்டியிருப்பார்கள். அதை ஒரே விரலில் நெடுநேரம் விட்டால் அந்த இடம் புண்ணாகலாம். அதனால்தான் தாதியர் சில மணி நேரத்துக்கு ஒரு முறை விரலை மாற்றுகிறார்கள். "ஏன் சும்மா சும்மா மாற்றிப் பிள்ளையைத் தொந்தரவு செய்கிறார்கள்?" என்று சில பெற்றோர் கோபப்படுவதுண்டு. காரணம் இதுதான்.

டிரிப் ஏற்றும் இடத்தையும் சொல்ல வேண்டும். ஊசி நரம்பை விட்டு விலகினால் மருந்து தோலுக்கடியில் கசியும். சில மருந்துகள் அப்படிக் கசிந்தால் சதையையே கருக்கிவிடும். கை வீங்கி, இறுகி, மற்ற கையைவிடக் குளிர்ந்தோ சூடாகவோ இருந்தால் உடனே சொல்ல வேண்டும். நிமிடங்கள் கணக்கில் வரும் விஷயம் இது.

பிளாஸ்டரைப் பிடுங்கும்போது தோலின் மேல் ஏடும் சேர்ந்து உரியலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தோல் இன்னும் முதிர்ந்திருக்காது என்பதால் அவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். நோயாலும் கிருமிக்கொல்லி மருந்துகளாலும் வயிற்றுப்போக்கு வரும்போது, பெம்பர்ஸ் கட்டிய இடம் வெந்து போவது மிகச் சாதாரணம். அங்கே காளான் தொற்றும் சேர்ந்துகொள்ளும். பவுடர் போடுவதைவிட, ஒட்டி நிற்கும் துத்தநாகக் களிம்பை மேலே தடித்துப் பூசி, அடுத்த முறை முழுவதையும் சுரண்டி எடுக்காமல் அழுக்கை மட்டும் மெதுவாகத் துடைப்பதுதான் தாதியர் சொல்லும் முறை.

சிவப்பு என்ற சொல்லில் உள்ள சிக்கல்

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்.

அழுத்தப் புண்ணின் முதல் நிலை என்ன என்று பாடப் புத்தகத்தைக் கேட்டால், "விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு" என்று சொல்லும். அந்த நிலையிலேயே கண்டுபிடித்து, அழுத்தத்தை எடுத்துவிட்டால் புண் வராமல் தடுக்க முடியும். வெள்ளைத் தோலில் இது பளிச்சென்று தெரியும். மாநிறமும் கறுப்பும் கொண்ட நம் பிள்ளைகளின் தோலில் அந்தச் சிவப்பு பெரும்பாலும் தெரிவதே இல்லை. அழுத்தினால் வெளுத்து மீண்டும் நிறம் வரும் அந்தச் சோதனையும் சரியாகப் பலிப்பதில்லை. அமெரிக்க முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வுகளில், கறுப்பின மக்களிடம் முதல் நிலை குறைவாகவும், தோல் கிழிந்த முற்றிய நிலை அதிகமாகவும் பதிவாகியிருக்கிறது. அவர்களுக்கு முதல் நிலை வராமல் இல்லை. யாரும் அதைப் பார்க்கவில்லை.

2016-இல் அமெரிக்க நிபுணர் குழு "அழுத்தப் புண்" என்ற பெயரை "அழுத்தக் காயம்" என்று மாற்றியது. தோல் கிழியும் முன்னரே உள்ளே காயம் தொடங்கிவிடுகிறது என்பதை நினைவூட்டத்தான் இந்த மாற்றம். கருமையான தோலில் நிறம் வேறுவிதமாகத் தெரியலாம் என்பதையும் அந்த விளக்கத்தில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் நம் பிள்ளைக்கு எப்படிப் பார்ப்பது? கண்ணால் மட்டும் பார்க்காமல் கையாலும் பார்க்க வேண்டும். கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, தாதியிடம் கேட்டுவிட்டு, சந்தேகப்படும் இடத்தைப் புறங்கையால் தொடுங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, குளிர்ந்து இருக்கிறதா? கல் போல இறுகியிருக்கிறதா, மாவு போலக் கொழகொழவென்று இருக்கிறதா? நிறம் பக்கத்துத் தோலைவிடக் கறுத்தோ, ஊதா கலந்தோ, மினுமினுப்பாகவோ இருக்கிறதா? இடப் பக்கத்தை வலப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

இதில் தாய் தந்தைக்கு யாருக்கும் இல்லாத ஒரு தகுதி உண்டு. உங்கள் பிள்ளையின் இயல்பான நிறம் உங்களுக்குத்தான் தெரியும். முதுகில் பிறந்ததிலிருந்தே இருக்கும் நீலத் திட்டு எது, நேற்றுப் புதிதாக வந்த கறுப்பு எது என்று நீங்கள்தான் சொல்ல முடியும். நேற்று இரவு பொறுப்பேற்ற தாதிக்கு அது தெரியாது. அது அவர் குற்றமும் இல்லை.

விரலில் மாட்டும் கிளிப்பைப் பற்றி இன்னொரு செய்தி. அது தோல் வழியாக ஒளியைச் செலுத்தி இரத்தத்தில் உள்ள பிராணவாயுவை அளக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் பெரியவர்களிடம் செய்த ஆய்வில், கறுப்பின நோயாளிகளுக்குப் பிராணவாயு குறைந்திருந்தும் கருவி நல்ல எண்ணைக் காட்டியது வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. எண் நன்றாக இருந்தும் பிள்ளை மூச்சுக்குத் திணறுவதாக உங்களுக்குத் தோன்றினால், தயங்காமல் சொல்லுங்கள். உதட்டின் உட்புறம், நாக்கு, நகக்கண் ஆகிய இடங்களில் நிறத்தைப் பாருங்கள்.

உள் நோயைச் சொல்லும் தோல்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு டெங்கியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நாட்டில் டெங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர்தான். டெங்கியில் தோலுக்கடியில் கடுகளவு இரத்தப் புள்ளிகள் தோன்றலாம். கருமையான தோலில் அவை மறைந்து நிற்கும். உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் உட்புறம் ஆகிய வெளிறிய இடங்களில் தேட வேண்டும்.

காய்ச்சல் இறங்கியதும் "சரியாகிவிட்டது" என்று நிம்மதி அடைவது இயல்பு. டெங்கியில் காய்ச்சல் இறங்கும் அந்த நேரம்தான் ஆபத்தான கட்டம். கை கால் சில்லென்று ஈரமாகி, பிள்ளை சோர்ந்து, வயிற்று வலியும் வாந்தியும் இருந்தால், இரத்த ஓட்டம் குறைகிறது என்று தோல் உங்களிடம் சொல்கிறது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மாறாக, நோய் குணமாகும் கட்டத்தில் உடம்பு முழுக்கத் தடித்து, நடுநடுவே வெள்ளைத் தீவுகள் போல நல்ல தோல் தெரிந்து, அரிப்பும் எடுக்கலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஒரே தோல், ஒரே நோய். ஆனால் இரண்டு வேறு செய்திகள்.

இன்னொன்று, மூளைக்காய்ச்சல் கிருமி இரத்தத்தில் பரவும்போது வரும் ஊதாப் புள்ளிகள். கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன் மேல் வைத்து அழுத்தினாலும் மறையாது. காய்ச்சலோடு இப்படி மறையாத புள்ளிகள் இருந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது.

மருந்தே தோலைச் சுடும்போது

1922-இல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், காய்ச்சலோடு தோலும் வாயும் கண்ணும் புண்ணான இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். இன்று அந்த நோய்க்கு அவர்கள் பெயர்தான். பெரும்பாலும் மருந்து ஒவ்வாமையால் வருவது. குழந்தைகளிடம் சில கிருமித் தொற்றுகளாலும் வரும். தோல் தீக்காயம் போல உரிந்து, தீவிர சிகிச்சை வரை கொண்டுபோய்விடும்.

வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின் என்ற மருந்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு ஆசிய மக்களுக்கு மிக முக்கியம். ஹெச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்று 2004-இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைத் தொடங்கும் முன் இரத்தப் பரிசோதனை செய்யும்படி அறிவுறுத்தியது. நம் நாட்டின் பல இன மக்களிடம் செய்த ஆய்வும் 2011-இல் வெளியாகி இந்தத் தொடர்பை உறுதி செய்தது. சீனர், மலாய்க்காரர் அளவுக்கு இல்லாவிட்டாலும் இந்திய வம்சாவளியினரிடமும் இந்த மரபணு உண்டு. ஆகவே பிள்ளைக்கு இந்த மருந்தை எழுதும்போது, "பரிசோதனை தேவையா, டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. அதற்காக, ஏற்கெனவே சாப்பிடும் வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கட்டுக்கடங்காமல் போகலாம்.

மருந்தால் வரும் தடிப்புகளில் பெரும்பாலானவை சாதாரணமானவை, தானாக ஆறிவிடும். ஆபத்தானதை எப்படிப் பிரித்தறிவது? அரிப்பைவிட வலி அதிகம், காய்ச்சல், கண் எரிச்சல், வாய்ப்புண், கொப்புளம். புதிய மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் இவை வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நம் தோலில் இந்தத் தடிப்பும் சிவப்பாக இல்லாமல் கறுத்தோ ஊதாவாகவோ தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒருமுறை மருந்து ஒவ்வாமை உறுதியானால், அரசாங்க மருத்துவமனையின் மருந்தகத்தில் ஒவ்வாமை அட்டை தருவார்கள். அதை அடையாள அட்டை போல எப்போதும் கையோடு வைத்திருங்கள். பிள்ளையின் பெயரில் உள்ள அட்டை அம்மாவின் கைப்பையில் இருக்க வேண்டும். அலமாரியில் இருந்து பயனில்லை. மருந்தின் பக்கவிளைவைப் பொதுமக்களே புகார் செய்யவும் வழி இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இதற்குத் தனிப் பாரம் வைத்திருக்கிறது.

கயிறும் தைலமும்

நம் வீட்டு வழக்கங்களைப் பற்றியும் மனம் திறந்து பேச வேண்டும். பிள்ளை நோயில் விழுந்தால் கோயிலுக்குப் போய் மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டுவோம். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தீவிர சிகிச்சையில் உடல் வீங்கும் என்று முன்பே சொன்னேன். வீங்கும் கையில் கயிறு இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அரைஞாண், காப்பு, கொலுசு, மோதிரம் எல்லாம் அப்படித்தான். தாதி கழற்றச் சொன்னால் மனம் நோக வேண்டாம். கட்டிலின் தலைமாட்டில் வைக்கலாமா என்று கேளுங்கள். பிள்ளைக்கும் நல்லது, உங்கள் மனதுக்கும் ஆறுதல்.

அடுத்தது எண்ணெய். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடைக்குக் கடை தைலங்கள் கிடைக்கின்றன. கற்பூரம் கலந்த தைலம் தோல் வழியாகவே உடலுக்குள் போய், சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கலாம். பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவில் விற்கும் களிம்புகளில் கடுமையான ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வாங்கும் முன் "எம்ஏஎல்" என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தாலும், மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்காமல் எதையும் பூசாதீர்கள். எண்ணெய் பட்ட தோலில் குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்டர் நிற்காது. குழாய் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணெயே கெடுதல் என்று பொருள் கொள்ள வேண்டாம். வங்காளதேச தலைநகர் டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் கிருமித் தொற்று குறைந்தது என்று 2005-இல் வெளியான ஆய்வு கூறியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் வேறொரு களிம்பைப் பூசிச் செய்த ஆய்வில், மிகச் சிறிய எடையில் பிறந்த குழந்தைகளுக்குத் தொற்று கூடியது. எந்த எண்ணெய், எந்தக் குழந்தைக்கு, எப்போது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

கேளுங்கள், சொல்லுங்கள்

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையாக இருந்தாலும், கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனையாக இருந்தாலும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமாக இருந்தாலும், தாதியருக்கு வேலைப் பளு அதிகம். அவர்களோடு சண்டை போடுவதால் பிள்ளைக்கு நன்மை இல்லை. பேசாமல் ஒதுங்கி நிற்பதாலும் நன்மை இல்லை. மொழி தடையாக இருக்கிறது என்று தயங்கும் பாட்டிமார்களுக்கும் தாத்தாமார்களுக்கும் சில மலாய்ச் சொற்கள் போதும். "மிஸி, தோலோங் தெங்கோக் கூலிட் சூச்சூ சாயா" என்று கூப்பிடுங்கள். பேரப்பிள்ளையின் தோலைப் பாருங்கள் என்று பொருள். வீக்கம் என்றால் பெங்காக். இறுகியிருக்கிறது என்றால் கெராஸ். சூடு பானாஸ், குளிர்ச்சி செஜோக், தடிப்பு ருவாம், வலி சாக்கிட். இடத்தைக் கையால் காட்டி இந்தச் சொல்லைச் சொன்னாலே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

பெற்றோர் கேட்கக்கூடிய கேள்விகளும் உண்டு. "பிள்ளையின் தலையின் பின்பக்கத்தை இன்று பார்த்தீர்களா? கிளிப்பின் இடம் எப்போது மாற்றப்பட்டது? புரட்டிப் படுக்க வைக்க இப்போது முடியுமா, அல்லது உடல்நிலை இடம் தராதா?" சில வேளைகளில் புரட்டினாலே இரத்த அழுத்தம் இறங்கிவிடும் நிலையில் குழந்தை இருக்கும். அப்போது தலைக்கடியில் சிறப்பு மெத்தையோ, எலும்பு துருத்தும் இடத்தில் மெத்தென்ற சிலிக்கோன் பட்டையோ வைப்பார்கள். எல்லாக் கவனிப்பையும் மீறிப் புண் வருவதும் உண்டு. அதற்காக யாரையும் உடனே பழி சொல்லிவிட முடியாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சீக்கிரம் ஆறும் என்பது மட்டும் நிச்சயம்.

அழகுக்காக நிறத்தைப் பற்றிப் பேசிப் பழகிவிட்ட சமுதாயம் நாம். வெள்ளையாக்கும் களிம்புக்குச் செலவழிக்கிறோம். அதே நிறத்தைப் பற்றி ஆரோக்கியத்துக்காக இனிமேல் பேசுவோம். உங்கள் பிள்ளை நலமாக இருக்கும் இன்றே, குளிப்பாட்டும்போது அதன் தோலை நன்றாகப் பார்த்து வையுங்கள். உள்ளங்கை என்ன நிறம், மச்சம் எங்கே இருக்கிறது, தொட்டால் எப்படி இருக்கிறது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போகும் நிலை யாருக்கும் வர வேண்டாம். அப்படியே வந்தாலும், "இது என் பிள்ளையின் வழக்கமான நிறம் இல்லை" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, மருத்துவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

மீண்டும் அடுத்த வாரம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.